இதயம் என்று மட்டும் சொன்னாள்

கிளினிக்கிலிருந்து போன் வரும் நேரம் மெர்ரினுக்குத் தெரியும். அதற்கு முன்பே இரண்டு பனடால் காய்ச்சல் மாத்திரைகளைத் தண்ணீரோடு தம்பியின் கையில் கொடுத்துவிட்டாள்.

"எதுக்கு இது?" என்றான் லிண்ட்சே. தோளைச் சுற்றிப் போர்வையும் காலில் இரண்டு ஜோடி காலுறையுமாகக் கணப்புக்கு முன்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"லேசா உடம்பு சுடுதுடா. சளிக் காய்ச்சல்தான். ஊரே இருமிக்கிட்டிருக்கு."

"கிரிலி கேட்டா என்ன சொல்றது?"

"நான் பேசிக்கிறேன். நீ முழுங்கு."

அவன் விழுங்கினான். அக்காவை நம்பி விழுங்குவது அவனுக்குப் பழகிப்போன காரியம்.

போன் வந்தது. நர்ஸ் கிரிலியின் குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். "எப்படி இருக்கான் நம்ம ஆளு? காய்ச்சல் ஏதாவது?"

"இல்ல கிரிலி."

"நாடி?"

"எப்பவும் போலத்தான்."

"மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி?"

"ஒண்ணும் இல்ல. நல்லா சாப்பிடுறான்."

காலையில் அவன் கடித்துவிட்டு வைத்த ரொட்டித் துண்டு மேசைமேல் அப்படியே இருந்தது. மெர்ரின் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புது மருந்தைத் தொடங்கிய அன்றே கிரிலி தெளிவாகச் சொல்லியிருந்தாள். முதல் சில வாரங்கள்தான் கண்டம். எவ்வளவு சின்னக் காய்ச்சலாக இருந்தாலும் அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும். சளியாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். இதயம் என்றால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அத்தனையும் கேட்ட மெர்ரினின் மனசில் தங்கியது கடைசி வார்த்தை மட்டும்தான். நிறுத்திவிடுவார்கள்.

லிண்ட்சேக்கு வாலிபத்திலேயே தொடங்கிய மனநோய் அது. மின்கம்பிகள் அவன் பெயரைச் சொல்லிப் பேசின. செய்தி வாசிக்கிற பெண் திரைக்குள்ளிருந்து அவனை மட்டும் பார்த்து எச்சரித்தாள். அதனால் எந்த வீட்டில் இருந்தாலும், எந்த விடுதியில் இருந்தாலும், டெலிவிஷன்மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவான். போன இலையுதிர் காலத்தில் லான்செஸ்டன் மனநல வார்டிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்தபோதும் முதல் வேலையாக அவளுடைய பூப்போட்ட மேசைவிரிப்பை உருவி டெலிவிஷனைத்தான் மூடினான். மாற்றி மாற்றிக் கொடுத்த மருந்துகள் எதுவும் அவனைத் தொடவில்லை. குளோசபின் என்ற இந்தப் புது மருந்து மட்டும் பாக்கி இருந்தது. கடைசிக் கதவு.

அந்தக் கதவு திறந்தது. ஒரு சனிக்கிழமை அவனே எழுந்துபோய் மேசைவிரிப்பை எடுத்து, ஒழுங்காக மடித்து, அக்காவின் மடியில் வைத்தான். "இன்னிக்கு ஃபுட்டி இருக்கா?" என்று கேட்டான். அந்தக் கால்பந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தான். கடைசியில், "நான் பாக்காத இத்தனை வருஷத்துல இந்த அம்பயருங்களுக்கு யாரும் கண்ணாடி வாங்கிக் குடுக்கலையா?" என்றான்.

மெர்ரின் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், பாத்திரம் துடைக்கிற துண்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். சின்ன வயதில் அவளைச் சிரிக்க வைத்த அதே பையன். அவன் திரும்பி வந்திருந்தான்.

காய்ச்சல் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்திலிருந்து திரும்பியபோது லிண்ட்சே பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

"மெர்," என்றான். "விறகு எடுக்கப் போனேன். திரும்பி ஏற முடியல. மூணே படி. கேவலமா இல்ல?"

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கூண்டில் அடைபட்ட குருவி மாதிரி நாடி அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டோபின் என்ற பெண்மணி எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டு மெர்ரினை ஒரு சிறிய அறைக்குள் அழைத்துப்போனார். களைத்த முகம். பேச்சு மட்டும் நிதானம்.

"இதயத் தசை வீங்கியிருக்கு. மருந்த நிறுத்திட்டோம். காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?"

"நேத்து," என்றாள் மெர்ரின்.

டாக்டர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். எழுதவில்லை, அவள் முகத்தையே பார்த்தார். அதட்டும் பார்வை இல்லை, காத்திருக்கும் பார்வை. அந்தக் காத்திருப்பைத்தான் மெர்ரினால் தாங்க முடியவில்லை.

"நேத்து இல்ல. புதன்கிழமையே வந்துடுச்சு. பனடால் குடுத்தேன். நர்ஸ் கேட்டாங்க, இல்லைன்னு சொன்னேன்." தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது அவளுக்கு. "மருந்த நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன். அவன் பேச ஆரம்பிச்சிருந்தான் டாக்டர். சிரிச்சான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சொன்னீங்களே, அது நல்லது. எங்களுக்கு அது தேவை."

"பனடால்தான் இப்படிப் பண்ணிடுச்சா?"

"இல்ல. அது காய்ச்சல மறைச்சுது, அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். "பாருங்க, அந்தக் குளோசபின் மாத்திரை முழுசா அப்படியே இருந்துட்டா பெருசா வம்பு இல்ல. ஆனா உடம்பு அத உடைக்குது. உடைக்கும்போது நடுவுல ஒரு பொருள் உண்டாகுது. அதுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. ஆனா மகா முரடு. பக்கத்துல எது இருந்தாலும் போய் ஒட்டிக்கும். நம்ம உடம்புலயே அத மடக்கிப் பிடிச்சு வெளிய தள்ள ஆள் இருக்கு. அதனாலதான் நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. சில பேருக்கு மட்டும் அது தப்பிச்சுப் போய் இதயத் தசையில ஒட்டிக்குது. உடனே உடம்போட காவல்காரங்க வந்து பாக்குறாங்க. தன் தசையே அவங்களுக்கு அந்நியமாத் தெரியுது. அடிக்க ஆரம்பிச்சிடுறாங்க. அந்த அடிதான் இந்த வீக்கம்."

"சொந்தத் தசையவா?"

"சொந்தத் தசையத்தான். இப்படித்தான் நடக்குதுன்னு நெனைக்கிறோம். இன்னும் முழுசா நிரூபணம் ஆகல. தெரியாததத் தெரியும்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"மறுபடியும் அந்த மருந்து..."

"முடியாது," என்றார் டாக்டர் மெதுவாக. "முதல்ல அவரு பொழைக்கட்டும்."

மெர்ரின் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. 'கர்த்தாவே' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. பையில் போன் அதிர்ந்தது. நோலீன்.

நோலீன் மெர்ரினின் தேவாலயச் சபையில் மூத்தவள். ஆம்புலன்ஸ் எந்தத் தெருவில் திரும்பினாலும் நோலீனுக்குத் தெரிந்துவிடும்.

"கண்ணு, உன் வீட்டு வாசல்ல வண்டி நின்னுச்சாமே. யாருக்கு என்ன?"

"லிண்ட்சேக்கு," என்றாள் மெர்ரின். "இதயம்."

அந்த வார்த்தையைச் சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது. இத்தனை வருடங்களில் தன் தம்பியின் நோயை அவள் ஊர்க்காரர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லக்கூடிய நோய். கேட்டவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்லக்கூடிய, தலையைக் குனிய வைக்காத நோய். ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம் அந்த நிம்மதி என்னவென்று அவளுக்கே புரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி மூச்சுக்குத் தவிக்கிறான். இந்தப் பக்கம் நின்று அவள் நிம்மதிப்படுகிறாள். முகம் கழுத்துவரை எரிந்தது.

"சுரங்கத்துல மாடா உழைச்ச உடம்பு கண்ணு, ஒரு நாள் கணக்குக் கேக்கத்தானே செய்யும்," என்றாள் நோலீன். "நீ கவலப்படாத. ஜெபச் சங்கிலிய இப்பவே ஆரம்பிச்சிடுறேன்."

சுரங்கம். அதுவும் மெர்ரின் கட்டியதுதான். இந்த அல்வர்ஸ்டன் ஊருக்குக் குடிவந்த புதிதில், ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நின்றபோது யாரோ கேட்டார்கள், "கூடப் பிறந்தவங்க யாரும் உண்டா?" என்று. "ஒரு தம்பி. மேற்கு ஆஸ்திரேலியால சுரங்கத்துல இருக்கான்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கேட்டவர் கையிலிருந்த ஸ்கோன் ரொட்டியைக்கூட அதற்குள் கடித்து முடிக்கவில்லை. அப்புறம் அந்த ஒரு பொய்யைக் கட்டிக்காக்க வேறு பொய்கள் தேவைப்பட்டன. தம்பி வந்து சேர்ந்தபோது, சுரங்க வேலை உடம்பை உலுக்கிவிட்டது, ஓய்வுக்கு வந்திருக்கிறான் என்றாள். ஞாயிறுதோறும் பாட்டுகளை நல்ல குரலில் பாடினாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி பரிமாறினாள். கெட்டவள் அல்ல. தம்பியை ஒளித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அவளும் இதுவரை நினைத்திருந்தாள்.

அந்தச் சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்காவது துன்பம் என்றால் நோலீன் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்வாள். அவர் அடுத்தவரை. அவர் அதற்கு அடுத்தவரை. ஒரு முறை ஒருவருடைய இடுப்பு எலும்பு ஆபரேஷன் கைமாறிக் கைமாறி வளர்ந்து, சாயங்காலம் அவர் வீட்டுக்கு மலர்வளையமே வந்துவிட்டது. அன்று முதல் ஒரு விதி: சங்கிலியின் கடைசி ஆள், துன்பப்பட்டவர் வீட்டுக்கே போன் செய்து, தனக்கு வந்ததைச் சொல்லி, சரிதானா என்று கேட்க வேண்டும்.

கடைசி ஆள் கிளைவ். வயதான மனிதர். லாரி ஓட்டி ஓட்டிக் காது மந்தமானவர், அதனால் போனில் கத்துவார்.

"மெர்ரின்! நான் சொல்றேன், நீ கேளு. மெர்ரினோட தம்பி லிண்ட்சே. பல வருஷம் மேற்க சுரங்கத்துல பாடுபட்டவரு. இதயம் பாதிச்சு ஆஸ்பத்திரியில. கர்த்தர் அவரத் தொட்டுக் குணமாக்கணும். சரிதானா?"

ஒரு எழுத்து மாறவில்லை. அவள் கொடுத்த பொய், இத்தனை நல்ல மனிதர்களின் வாய்வழியாக, ஒவ்வொரு வீட்டிலும் கண்மூடி ஜெபிக்கப்பட்டு, முழுசாக அவளிடமே திரும்பி வந்திருந்தது.

"சரிதான் கிளைவ்," என்றாள்.

வீட்டு வாசலில் கேசரோல் பாத்திரங்கள் வரத் தொடங்கின. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மெதுவாக வேகவைத்தவை, கோழியும் காளானும் சேர்த்தவை. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் காகித டேப்பில் வீட்டுக்காரர் பெயர். மெர்ரின் அவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் அடுக்கினாள். அவளால் ஒரு கரண்டிகூடச் சாப்பிட முடியவில்லை. தம்பி மனநல வார்டில் கிடந்த எத்தனையோ குளிர்காலங்களில் யாரும் ஒன்றும் கொண்டுவரவில்லை. எப்படிக் கொண்டுவருவார்கள்? அவள் சொன்னால்தானே.

இதய வீக்கம் மெல்லத் தணிந்தது. லிண்ட்சே தலையணையில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தான்.

"எல்லாரும் நெஞ்சையே பாத்துட்டுப் போறாங்க மெர். தலையப் பத்தி யாரும் கேக்கல. லீவு விட்ட மாதிரி இருக்கு."

"அது எப்படிடா இருக்கு? தலை?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அந்தக் கம்பிங்க தொண்டையச் செருமுது. இன்னும் பேசல."

மெர்ரின் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

"காய்ச்சல மறைச்சதுக்கு என்ன மன்னிச்சிடுடா."

"நீ மறைச்சதால எனக்கு இன்னொரு ஃபுட்டி ஆட்டம் கிடைச்சுது," என்றான் அவன். "தோத்துட்டோம். அதுக்கு வேணா மன்னிப்புக் கேளு."

அப்போதுதான் கிளைவ் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வார்டு முழுக்கக் கேட்கும்படி பேச ஆரம்பித்தார்.

"உனக்காக நாங்க எல்லாரும் ஜெபம் பண்ணினோம் நண்பா! சின்ன வயசுல நானும் அந்தப் பக்கம் லாரி ஓட்டியிருக்கேன், தெரியுமா? எந்தச் சுரங்கம் உனக்கு? தங்கமா, இரும்பா?"

லிண்ட்சே முதலில் கிளைவைப் பார்த்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவன் நோய் எதைக் கலைத்ததோ தெரியாது, அக்காவின் முகத்தைப் படிக்கும் திறமையை மட்டும் அது தொடவேயில்லை. ஒரு மூச்சு நேரத்தில் எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இரும்பு," என்றான்.

"அடேயப்பா! எப்படி இருக்கும் இப்பல்லாம்?"

"ரொம்ப ஆழம். வெளிச்சமே வராது. மேல இருந்து யாராவது பேசுற சத்தம் மட்டும் கேக்கும். யாருன்னு தெரியாது."

கிளைவின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அந்தப் பக்கத்தில் இரும்பை வெட்டுவது வானம் பார்த்த திறந்த குழிகளில். பட்டை உரிக்கிற வெயில் அங்கே. மெர்ரினுக்கே அது தெரியும். அங்கே லாரி ஓட்டியவருக்குத் தெரியாதா? கிழவர் லிண்ட்சேயின் மெலிந்த விரல்களைப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு, முதல் முறையாகத் தாழ்ந்த குரலில், "ஆமா நண்பா. சில இடத்துல அப்படித்தான் இருக்கும். வெளிய வந்துட்டியே, அது போதும்," என்றார். ஓர் ஆரஞ்சை உரித்து, சுளைகளைப் பிரித்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் லிண்ட்சே கேட்டான்: "நல்லா சொன்னேனா மெர்? கெடுத்துடலையே?"

அவன் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டான். அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்க முடிந்ததா என்று. மெர்ரின் அவன் கட்டிலோரம் மண்டியிட்டாள். அவனை மறைக்க அவள் பொய் சொன்னாள். அவளை மறைக்க அவன் பொய் சொல்கிறான், அதுவும் இதயம் வீங்கிக் கிடக்கும்போது. இந்த வெட்கத்துக்குமேல் ஒரு வெட்கம் தன் வாழ்நாளில் வராது என்று அவளுக்குத் தோன்றியது.

"இனிமே நீ சொல்ல வேண்டாம்டா," என்றாள். "நான் சொல்றேன். உனக்குச் சம்மதமா?"

அவன் ஒரு சுளையை மென்றபடி யோசித்தான். "சொல்லு. ஆனா சுரங்கத்துல எனக்கு நல்ல பேருன்னு சொல்லு."

வீடு திரும்பி சில நாட்களில் லிண்ட்சே மேசைவிரிப்பை எடுத்து டெலிவிஷனைப் போர்த்தினான். டாக்டர்கள் வேறு மருந்தை மெதுவாகத் தொடங்கியிருந்தார்கள். அது முந்தையதைப்போல் அல்ல, பாதி வெளிச்சம்தான். மெர்ரின் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து உதவினாள். பிறகு நோலீனின் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, விரிப்பில்லாமல் வெறுமையாக இருந்த மேசைமேல் வைத்தாள். அந்த ஊரில் பாத்திரத்தை ஆளனுப்பித் திருப்பித் தர மாட்டார்கள். சொந்தக் கையால், முகத்தைப் பார்த்துத் தர வேண்டும்.

நோலீன் கதவைத் திறந்தாள். "உள்ள வா கண்ணு. கெட்டில் சூடாத்தான் இருக்கு."

"இங்கயே சொல்லிடுறேன் நோலீன். உள்ள வந்தா தைரியம் போயிடும்." பாத்திரத்தை இறுக்கிப் பிடித்தபடி மெர்ரின் எல்லாவற்றையும் சொன்னாள். மின்கம்பிகள், வார்டுகள், மருந்து, பனடால், சுரங்கமே இல்லாத சுரங்கம். "உங்க எல்லாரையும் ஒரு பொய்க்கு ஜெபம் பண்ண வச்சேன். உங்க சாப்பாட்டையும் வாங்கினேன்."

நோலீனின் முகம் லேசாக இறுகியது. பொய்யைக் கேட்டால் இறுகுகிற முகம்தான். "எங்கிட்டகூடவா சொல்லல நீ," என்றாள். "இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து பாடுறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பாத்திரத்தை மெர்ரினின் கையிலிருந்து வாங்கினாள். அடியில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"இது இதயத்துக்குக் குடுத்தது, இல்லையா?"

"ஆமா."

"அப்போ மத்ததுக்கு இன்னும் குடுக்கலையே," என்றாள் நோலீன். உள்ளே போனாள். பாத்திரங்கள் இடறும் சத்தம் கேட்டது. அன்று தனக்காகச் செய்து வைத்திருந்த ஆட்டுக்கறியை அதே பாத்திரத்தில் கொட்டி, மூடி, சூட்டோடு கொண்டுவந்தாள். "பிடி. பட்டாணி பிடிக்குமா அவனுக்கு?"

மெர்ரின் தலையை ஆட்டினாள்.

"ஜெபம்..." என்றாள் திக்கித் திக்கி. "சங்கிலிய மறுபடியும்..."

"நீயே ஆரம்பி கண்ணு. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. நான் அடுத்தவங்களுக்குச் சொல்றேன்."

அன்று சாயங்காலம், லிண்ட்சே இரண்டாவது தட்டில் பட்டாணியை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. மெர்ரின் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"மெர்ரின்! நான் சொல்றேன், நீ கேளு," என்று கத்தினார் கிளைவ். "மெர்ரினோட தம்பி லிண்ட்சே. ரொம்ப வருஷமா மனசு சம்பந்தப்பட்ட நோயில கஷ்டப்படுறவரு. நல்லது பண்ணின மருந்தே இதயத்தப் பாதிச்சதால அத நிறுத்த வேண்டியதாச்சு. இப்ப அவருக்குக் குரல்கள் கேக்குது. கர்த்தர் அவர்கூட இருக்கணும். அவரோட அக்காகூடவும் இருக்கணும்." மூச்சு வாங்கினார். "கடைசி வரி நான் சேத்தது. சரிதானா?"

மெர்ரின் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கும் அந்தச் சத்தம் முழுசாகக் கேட்டிருந்தது. முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி ஒரு முறை தலையசைத்தான்.

"சரிதான் கிளைவ்," என்றாள் மெர்ரின்.